பெயர்ச்சி (கிழக்கு, எட்டு அலகு)

அடைப்புக்குறிக்குள் இருப்பதை வாசிக்காத மனிதனாக நான் பல காலம் வாழ்ந்திருக்கிறேன். இதைக் குற்ற ஒப்புதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். (நீங்களும் அப்படித்தான் என்றால், இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குப் போய்ச் சேராது.)

பழக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. எனது தொழில் மைக். கோயில் சடங்கு, கல்யாணம், பூப்பு நீராட்டு விழா, விளையாட்டுப் போட்டி என்று எங்கள் பக்கத்தில் எது நடந்தாலும் குரல் என்னுடையதாக இருக்கும். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியடையாததால் வந்த தொழில் இது. தமிழை மட்டும் நானாகப் படித்தேன். பழைய பேப்பர், கோயில் நோட்டீஸ், பக்கத்து வீட்டுச் சண்டை, எது கிடைத்தாலும் அதிலிருந்து சொல் பொறுக்குவேன். நல்ல சொல் ஒன்று அகப்பட்டால் நாள் முழுக்க வாய்க்குள் வைத்துக் கற்கண்டு போல சூப்பிக்கொண்டு திரிவேன்.

தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு அம்மன் கோயில் சடங்கில், நிருவாக சபையார் தந்த துண்டை அப்படியே வாசித்தேன். "இன்றைய அன்னதான உபயகாரர்களுக்கு நன்றி தெரிவித்துக்கொள்கிறோம். பெயரைப் பிழையில்லாமல் வாசிக்கவும், போன வருசம் பிழைத்துப் பெரிய வில்லங்கமாகிப் போனது." இரண்டாவது வசனம் அடைப்புக்குறிக்குள் இருந்தது. நாலு குழாய் ஸ்பீக்கரில் அது ஊர் முழுக்கக் கேட்டது. அன்றிரவே சத்தியம் பண்ணினேன். அடைப்புக்குறிக்குள் இருப்பது அறிவிப்பாளரின் கண்ணுக்கு, சனத்தின் காதுக்கு அல்ல. கொஞ்ச நாளில் அந்தச் சத்தியம் இன்னும் முற்றிப்போய், கண்ணாலும் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

இனி வதனிக்கு வருகிறேன். வதனி என் மாமாவின் மகள், எனக்கு மச்சாள். வாவிக்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பித்தாள். ஆறு வருசமாகத் தொண்டர் ஆசிரியை. அதாவது வேலை முழுசாக, நியமனம் மட்டும் இல்லை. நிரந்தர நியமனத்துக்குப் பெயர்கள் போகும் காலத்தில் பள்ளிக்கூடம் ஒரு கணித தினம் வைத்தது. கல்வி அலுவலகத்திலிருந்து பணிப்பாளர் மேடம் ஒருவர் வருவதாகவும், வதனியின் வேலையைப் பார்த்து அறிக்கை எழுதுவதாகவும் ஏற்பாடு. அந்த அறிக்கைக்காக அவள் மூன்று கிழமை வெயிலில் நின்றாள்.

அவள் யோசித்தது அருமையான காரியம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தாறு பேர், மைதானத்தில் உடற்பயிற்சிக் காட்சி மாதிரி கேத்திர கணிதத்தை நடந்து காட்டுவார்கள். முதலில் வட்டமும் அதன் பகுதிகளும். பிறகு முப்பத்தாறு பேரும் ஒரு பெரிய முக்கோணமாகி தெறிப்பு, சுழற்சி, பெயர்ச்சி மூன்றையும் செய்வார்கள். பயிற்சியில் பாதிப் பிள்ளைகள் அவளின் கையைப் பார்த்தும் மற்றப் பாதி விசிலைக் கேட்டும் குழம்பியதால், ஒரே ஒரு சட்டம் போட்டாள். மைக் சொல்வதை மட்டும் கேட்க வேண்டும். மைக் சொன்னால் நடக்க வேண்டும். மைக் "நில்" என்றால்தான் நிற்க வேண்டும். டீச்சரைப் பார்க்கவே கூடாது.

மைக்கில் அவளே பேசுவதாகத்தான் இருந்தது. மூன்று கிழமை கத்தியதில், விழாவுக்கு முதல்நாள் தொண்டை அடைத்துப் போனது. காற்று வந்தது, சத்தம் வரவில்லை. மாமா என்னிடம் ஓடி வந்தார்.

எனக்கு ஒத்திகைக்குப் போக நேரமில்லை, கல்குடாவில் ஒரு கல்யாணம். விழாவன்று காலையில்தான் வதனி கையெழுத்தில் எழுதிய தாளைத் தந்தாள். ரகசியம் பேசுவது போன்ற குரலில் சொன்னாள்.

"மச்சான், சொல்லு வடிவா இருக்கு எண்டு சொல்லிக்கொண்டு போயிராத. ஒவ்வொரு சொல்லும் ஒண்டக் கேக்கும். அதக் குடுத்திட்டு அங்கால போ."

நான் "ஓம் ஓம்" என்றேன். (என் "ஓம் ஓம்" என்றால் காதில் விழவில்லை என்று அர்த்தம் என்பது அவளுக்கு அப்போது தெரியாது. இப்போது தெரியும்.) உண்மையில் நான் தாளில் இருந்த சொற்களில் மயங்கிப் போயிருந்தேன். பரிதி. ஆரை. நாண். தொடலி. பள்ளிக்கூட நாளில் இவை என்னை அடிக்க வந்த சொற்கள். இருபத்தெட்டு வயதில் பார்க்கும்போது ஒவ்வொன்றும் அழகி. ஆரை என்றால் எனக்கு வயல்வரம்பில் முளைக்கும் கீரை. விட்டம் என்றால் வீட்டுக்கூரையைத் தாங்கும் மரம். நாண் என்றால் வில்லில் கட்டும் கயிறு. இவ்வளவு நாளும் இவை எல்லாம் ஒரு வட்டத்துக்குள் குடியிருந்தது தெரியாமல் இருந்துவிட்டேனே என்று நெஞ்சு உருகியது.

மைதானத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் எழுவான்கரை, அதாவது வாவிக்குக் கிழக்குப் பக்கம். மேடையும் பள்ளிக் கட்டடமும் மைதானத்தின் கிழக்கு ஓரத்தில். மேற்கு ஓரத்தில் வேலி கிடையாது. புல் முடிந்தால் கொஞ்சம் சேறு, சேறு முடிந்தால் வாவி. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை. பிள்ளைகள் மேடையைப் பார்த்து நின்றார்கள், வாவி அவர்களின் முதுகுக்குப் பின்னால்.

வட்டப் பகுதி கோயில் தேர் போல அசைந்து அழகாகப் போனது. டிலானி என்ற சின்னப் பெண் நடுவில் மையமாக நின்றாள். "ஆரை" என்றேன், அவளிடமிருந்து பரிதிவரை ஒரு வரிசை ஓடியது. "விட்டம்" என்றேன், வரிசை மறுபக்கமும் நீண்டது. "நாண்" என்றேன், மையத்தைத் தொடாமல் ஒரு கோடு குறுக்கே விழுந்தது. இந்தப் பகுதிக்கு வதனி அடைப்புக்குறி எதுவும் போட்டிருக்கவில்லை. தொடலி வந்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"கல்யாண வீட்டுக்கு வந்து, மாப்பிள்ளையின் கையை ஒரே ஒரு இடத்தில் தொட்டுவிட்டு, சாப்பிடாமல் நேரே போய்விடுகிறவரே தொடலி," என்று சொந்தமாகச் சேர்த்தேன்.

பெற்றோர் சிரித்தார்கள். பணிப்பாளர் மேடம் சிரித்து, பக்கத்திலிருந்த அதிபரிடம் ஏதோ சொன்னார். வதனிகூடச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு நான் நிறுத்தியிருந்தால் இன்று எழுத எதுவும் இருந்திராது. என் தலை மட்டும் உருப்பெருக்கம் அடைந்துவிட்டது.

பிள்ளைகள் முக்கோணமாகினார்கள். தாளில் "தெறிப்பு (சுண்ணாம்புக் கோட்டில்)" என்று இருந்தது. அடைப்புக்குறியை விட்டுவிட்டு "தெறிப்பு" என்று மட்டும் முழங்கினேன். மைதானத்தில் போட்டிருந்தது ஒரே ஒரு சுண்ணாம்புக் கோடு. பிள்ளைகள் அதைப் பார்த்து, கண்ணாடியில் விழுந்தது போல அந்தப் பக்கம் போய் மாறி நின்றார்கள். கைதட்டல். என் சத்தியம் எவ்வளவு சரியானது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது "சுழற்சி (டிலானியை மையமாக வைத்து, மணிக்கூட்டுத் திசையில், 90 பாகை)". நான் "சுழற்சி" என்றேன். ஒருவரும் அசையவில்லை. மறுபடி, இன்னும் இனிமையாக, "சுழற்சி" என்றேன். முப்பத்தாறு முகமும் என்னைப் பார்த்தன. எந்தப் புள்ளியைச் சுற்றி, எந்தப் பக்கமாக, எவ்வளவு என்று நான் சொல்லும்வரை அவர்கள் காத்து நின்றார்கள். எனக்கு அது விளங்கவில்லை. பாவம், பிள்ளைகளுக்குச் செந்தமிழ் விளங்கவில்லை என்று முடிவெடுத்தேன். ஊர்ப் பேச்சில் சொல்லிக் காப்பாற்றுவோம் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கம் திரும்புவதைக் கிறுகுவது என்போம். சந்தியில் கிறுகுவோம். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் கிறுகிப் பார்ப்போம். ஆகவே மைக்கில் பாசத்தோடு சொன்னேன்.

"கிறுகுங்க பிள்ளையள்."

இது எல்லோருக்கும் விளங்கியது. முக்கோணம் டிலானியைச் சுற்றிச் சுழலவில்லை. முப்பத்தாறு பேரும் நின்ற நின்ற இடத்திலேயே கிறுகினார்கள். மேடைக்கு முதுகு, வாவிக்கு முகம்.

எனக்கு அதில் பிழை தெரியவில்லை. வரிசை கலையவில்லை, சத்தம் இல்லை, பார்க்க நன்றாகவே இருந்தது. கீழே நின்ற வதனி கையை ஆட்டினாள். தொடரட்டாம் என்று எடுத்துக்கொண்டேன்.

தாளில் கடைசியாக இருந்தது, "பெயர்ச்சி (கிழக்கு, எட்டு அலகு. எட்டு எண்ணி முடிய 'நில்' சொல்லவும்)". ஒரு அலகு என்றால் ஒரு காலடி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். எட்டுக் காலடியோடு மேடைக்கு முன்னால் வந்து வணக்கம் சொல்லி முடிப்பதுதான் திட்டம்.

"பெயர்ச்சி," என்றேன்.

எந்தப் பக்கம் என்று நான் சொல்லாததால், பார்த்த பக்கத்துக்கு நடந்தார்கள். எவ்வளவு என்று சொல்லாததால், நடந்துகொண்டே இருந்தார்கள். நான் மைக்கில் சனிப்பெயர்ச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தேன். (பெயர்ச்சி என்ற சொல்லை அதற்குமுன் நான் கோயிலில்தான் பாவித்திருக்கிறேன்.) சனிப்பெயர்ச்சி சில ராசிக்கு நல்லது, சில ராசிக்குக் கூடாது, ஆனால் எங்கள் பிள்ளைகளின் இந்தப் பெயர்ச்சியோ பன்னிரண்டு ராசிக்கும் நன்மையே தரும் என்று நான் சொல்லி முடித்தபோது முன்வரிசை சேற்றில் இருந்தது. வரிசையின் ஒழுங்கைப் பாருங்கள் என்று புகழ்ந்தபோது முன்வரிசை தண்ணீரில் இருந்தது.

வதனி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். சத்தம் போட்டாள், காற்றுத்தான் வந்தது. பிள்ளைகள் பார்க்கவும் முடியாது, அவள் அவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். பார்த்தாலும் அவளே போட்ட சட்டம் இருக்கிறது. நான் அவள் உணர்ச்சிவசப்பட்டுக் கைதட்டுகிறாள் என்று நினைத்து, "வதனி டீச்சருக்கு ஒரு கரகோசம்" என்று கேட்டேன்.

கரையோரம் தம்பிமுத்து அண்ணன் முழங்கால் தண்ணீரில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சீருடையில் ஒரு முக்கோணம் தன்னை நோக்கி வருவதைக் கண்டு, வலையைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கி வழி விட்டார். பிறகு அவர் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த கதை இதுதான். முன்னால் வந்த பிள்ளையிடம் கேட்டிருக்கிறார்.

"எவடத்த புள்ள போறீங்க?"

"தெரியா மாமா. இன்னும் சொல்லல்ல."

வதனி ஓடிப்போய்ப் பள்ளிக்கூட மணியை அடித்தாள். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு அது. எல்லாச் சட்டத்துக்கும் மேலான சட்டம் மணி. முப்பத்தாறு பேரும் அப்படியே நின்றார்கள். முன்வரிசைக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர், நடுவரிசைக்குக் கணுக்கால், கடைசி வரிசை சேறு. முக்கோணம் முக்கோணமாகவே நின்றது. ஒரு பக்கமும் வளையவில்லை.

தாய்மார் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார்கள். சிலர் பிள்ளையின் பெயரைச் சொல்லி அழுதே விட்டார்கள். எங்கள் ஊரில் தண்ணீரையும் பிள்ளையையும் ஒன்றாகப் பார்க்க முடியாத தாய்மார் இருக்கிறார்கள். அது அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. கையில் மைக் இருந்தது. சொல்ல ஒரு சொல்லும் இல்லை. "நில்" என்ற சொல்லைக் கண்டுபிடித்துச் சொன்னேன், எல்லோரும் நின்ற பிறகு.

பணிப்பாளர் மேடம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கரைக்கு நடந்து போனார். பின்னால் அதிபர், அவருக்குப் பின்னால் வதனி. வதனியின் ஆறு வருசமும் அந்தச் சேற்றில் நடந்து போவதை நான் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் டிலானியைக் கரைக்குக் கூப்பிட்டார். சுற்றி நின்றவர்கள் கேட்டதை வைத்துச் சொல்கிறேன்.

"ஏன் மகள் நிக்காமப் போனீங்க?"

"அலகு சொல்லல்ல மிஸ். திசையும் சொல்லல்ல."

"தண்ணிக்குள்ள போகேக்க வரிசையக் குழப்பி ஓடியிருக்கலாமே."

டிலானி கொஞ்சம் யோசித்திருக்கிறாள். "பெயர்ச்சியில உருவம் மாறக்கூடா மிஸ். பருமனும் மாறக்கூடா. இடம் மட்டுந்தான் மாறும்."

மேடம் ஈரச் சேலையோடு திரும்பி வந்து, மேடையைக் கடக்கும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். வருசக்கணக்காகப் பிழையான விடைகளைப் பார்த்துப் பழகிய கண்.

அன்று பின்னேரம் தம்பிமுத்து அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவரின் மீனைக் கலைத்தது நான்தானே. அவர் தோணியோரம் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். மீனைப் பற்றி அவர் பேசவில்லை.

"மைக்கில சொன்னா நடக்கிற சனந்தானே நாம," என்றார். "நீயும் நடந்தனீதானே. மறந்திட்டியா?"

மறக்கவில்லை. சண்டைக் காலம், எனக்கு ஆறு வயது. வாகனம் ஒன்றில் ஸ்பீக்கர் கட்டி வந்து ஊரைவிட்டு வெளிக்கிடச் சொன்னார்கள். எங்கே என்று சொல்லவில்லை, எவ்வளவு தூரம் என்றும் சொல்லவில்லை. அக்காவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் பார்த்த பக்கத்துக்கு நானும் நடந்தேன். அம்மாவிடம் எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டே போனேன். அம்மா ஒவ்வொரு தடவையும் "கிட்டத்தான்" என்றார். நாங்கள் திரும்பி வர இரண்டு வருசம் எடுத்தது. அந்தக் குரலை நான் பல நாள் வெறுத்திருக்கிறேன். பெரியவனாகி அதே குழாயைப் பிடித்துத் தொழில் செய்தபோதும், முப்பத்தாறு பிள்ளைகளைத் தண்ணீருக்கு அனுப்பியபோதும், அது நினைவுக்கு வரவில்லை. என் குரல் இனிமையானது என்ற எண்ணம் மட்டுமே இருந்தது.

வதனி ஒன்றரை மாதம் என்னோடு பறையவில்லை. முதல் ஒரு கிழமைக்குத் தொண்டையைச் சாட்டாகச் சொல்லலாம். பிறகு சாட்டு இல்லை. மாமா வீட்டுக்கு நான் போனால், அவள் கொப்பிக்கட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவாள். ஒருநாள் போகவில்லை. அன்று நான் மேடையில் விட்டுப்போன அந்தத் தாளைக் கொப்பிக்குள்ளிருந்து எடுத்து என் முன்னால் வைத்தாள். ஓரத்தில் அவளின் கைச் சேறு காய்ந்திருந்தது.

"வாசி," என்றாள். "உள்ளுக்க இருக்கிறத மட்டும்."

வாசித்தேன். "சுண்ணாம்புக் கோட்டில்." மறுகா, "டிலானியை மையமாக வைத்து, மணிக்கூட்டுத் திசையில், தொண்ணூறு பாகை." மறுகா, "கிழக்கு, எட்டு அலகு. எட்டு எண்ணி முடிய நில் சொல்லவும்." என்னை அறியாமலே மைக் குரல் வந்துவிட்டது. மாமா அறைக்குள்ளிருந்து வெளியே வந்து பார்த்தார். வதனி சிரிக்கக் கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் இறுக்கினாள், பிறகு ஏலவில்லை.

அதற்குப் பிறகுதான் அவளிடம் கேட்டேன், ஒவ்வொரு சொல்லும் என்ன கேட்கும் என்று. தெறிப்புக் கேட்பது எந்தக் கோடு என்று. சுழற்சி கேட்பது எந்தப் புள்ளி, எந்தப் பக்கம், எத்தனை பாகை என்று. பெயர்ச்சி கேட்பது எவ்வளவு, எந்தப் பக்கம் என்று. ஆரை ஒன்றும் கேட்காதா என்று கேட்டேன். மையம் எங்கே என்று கேட்கும், அது தெரியாமல் ஆரை இல்லை என்றாள். நான் பொறுக்கி வைத்த சொற்களில் எத்தனையை அவை கேட்டதைக் கொடுக்காமல் சும்மா சூப்பிக்கொண்டு திரிந்திருக்கிறேன் என்று அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எண்ணிப் பார்த்தேன். எண்ணி முடியவில்லை.

மேடத்தின் அறிக்கை வந்தது. அதிபர் வதனிக்கு வாசித்துக் காட்டினாராம். "மாணவர்கள் எண்ணக்கருக்களை மிகத் தெளிவாக விளங்கியுள்ளனர். அறிவிப்பாளருக்கு விளக்கம் போதாது." இரண்டே வரி. முதல் வரி அவளுக்கு, இரண்டாவது எனக்கு. நியமனம் உடனே வரவில்லை, ஒன்றரை வருசம் கழித்து எல்லோரோடும் சேர்த்துத்தான் வந்தது. அந்த முதல் வரி உதவியதா, இரண்டாவது வரி பிந்த வைத்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் துணியவில்லை. நியமனக் கடிதம் வந்த கிழமை மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவோடு பேசி எனக்கும் வதனிக்கும் கல்யாணத்துக்கு நாள் குறித்தார். என் கல்யாணத்துக்கு அறிவிப்பாளர் வேறு ஆள். வதனி போட்ட ஒரே நிபந்தனை அது.

இப்போது நான் அடைப்புக்குறியை முதலில் வாசிக்கிறேன். மற்றதைப் பிறகு. பெரிய கூட்டமென்றால், சனத்தை எழும்பச் சொல்வதற்கு முன் எந்தப் பக்கம், எவ்வளவு என்று எனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். "எல்லோரும் முன்னுக்கு வாருங்கள்" என்று வெறுமனே சொல்ல இன்றைக்கும் வாய் வருவதில்லை. டிலானி இப்போது கரடியனாற்றுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் என்னை "மைக் மாமா" என்று கூப்பிட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் வதனியைப் பார்த்துச் சிரிப்பாள். நான் ஏதாவது சடங்குக்கோ கல்யாணத்துக்கோ மைக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு "போயிட்டு வாறன்" என்றால், வீட்டில் யாரும் "சரி" என்று சொல்வதில்லை. வதனி குசினிக்குள் இருந்து தலையை நீட்டாமலே கேட்பாள்.

"எழுவானா, படுவானா? எத்தினை அலகு?"

நான் நின்று, திசையும் தூரமும் சொல்லிவிட்டுத்தான் படலையைத் திறக்கிறேன்.